காலில் கிளம்பி நுரையீரலை அடைக்கும் ரத்தக்கட்டி! செத்துப் பிழைத்தவர்களின் கதை

"மூச்சு வாங்குது டாக்டர். இழுத்து மூச்சு விட்டா நெஞ்சுல கத்தியால குத்துற மாதிரி இருக்கு."

இப்படிச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் எல்லோருக்கும் மாரடைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு இதயம் நன்றாகவே இருக்கும். கோளாறு இருப்பது காலில்!

காலில் உறைந்த ரத்தம், கட்டியாக மாறி, கழன்று, மேலே ஏறி நுரையீரலுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. கவனித்தால் பிழைக்கலாம். "வாயுதான், சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று வீட்டில் படுத்துவிட்டால் உயிருக்கே உலை.

இந்த ஆபத்தில் சிக்கி மீண்டவர்களில் டென்னிஸ் ராணியும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியும் உண்டு.

கட்டி எப்படி மேலே ஏறுகிறது?

கெண்டைக்கால் சதையை "இரண்டாவது இதயம்" என்று டாக்டர்கள் சொல்வது உண்டு. நாம் நடக்கும்போது அந்தச் சதை இறுகித் தளர்ந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது.

நடமாட்டம் நின்றுபோனால் அந்தப் பம்பும் நின்றுபோகிறது. ரத்தம் ஆழமான குழாய்களில் தேங்கி உறைகிறது.

உறைந்த கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கும், வலிக்கும். அதில் ஒரு துண்டு கழன்று கிளம்பினால்தான் வினை. தொடை வழியாக வயிற்றுக்குள் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஏறி, இதயத்தின் வலது பக்கத்தில் நுழைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது.

நுரையீரலில் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து குறுகிக்கொண்டே போகும். எந்த இடத்தில் கட்டிக்கு வழி இல்லையோ, அங்கே அது சிக்கிக்கொள்கிறது.

சின்னக் கட்டி என்றால் மூச்சு வாங்கும், குத்தும். பெரிய கட்டி என்றால் இதயத்தின் வலது பக்கம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். சில நிமிடங்களில் ஆள் காலி!

இந்தப் பயணத்தை 19-ம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜெர்மனி நாட்டு டாக்டர் ருடால்ப் விர்கோ. நுரையீரலில் இருக்கும் கட்டி நுரையீரலில் பிறந்தது அல்ல, வேறு இடத்தில் இருந்து வந்தது என்று அவர் நிரூபித்தார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13-ந் தேதியைத்தான் 2014-ம் ஆண்டு முதல் உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

கண்ணாடித் துண்டில் தொடங்கிய வினை

செரீனா வில்லியம்ஸ். உலகமே அறிந்த அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை. உடல் வலிமைக்குப் பேர் போனவர்.

2010-ம் ஆண்டு ஜூலை மாதம் விம்பிள்டன் பட்டம் வென்றார். சில நாட்களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு ஓட்டலுக்குப் போனார். அங்கே உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டார்.

காலில் ஒரு ஆபரேஷன். பிறகு இன்னொன்று. வாரக்கணக்கில் கட்டுப் போட்ட காலோடு கிடந்தார்.

2011 பிப்ரவரியில் மூச்சுத் திணறல் வந்தது. சோதித்துப் பார்த்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி! அதற்குக் கொடுத்த சிகிச்சையின்போது வயிற்றில் ரத்தம் கட்டிக்கொண்டு, அதற்கும் அவசர சிகிச்சை செய்ய வேண்டி வந்தது.

"இனி இவர் எங்கே ஆடப் போகிறார்?" என்று பலரும் நினைத்தார்கள். அவருக்கு அப்போது வயது 29. அதுவரை வென்ற கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் 13.

அதே ஆண்டு ஜூன் மாதம் களத்துக்குத் திரும்பினார். 2012-ல் விம்பிள்டன் பட்டம், லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். 2017 ஜனவரிக்குள் மேலும் 10 பட்டங்கள். மொத்தம் 23!

"எனக்கு ஸ்கேன் எடுங்க!"

ஆனால் ஒரு தடவை வந்த ரத்தக்கட்டி மறுபடி வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2017 செப்டம்பர் 1-ந் தேதி செரீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததால் அவசரமாக சிசேரியன் செய்தார்கள். ஆபரேஷனுக்காக, ரத்தம் உறையாமல் இருக்க அவர் வழக்கமாக எடுத்து வந்த மருந்து நிறுத்தப்பட்டு இருந்தது.

மறுநாள். திடீரென்று மூச்சு முட்டியது.

செரீனாவுக்கு உடனே பொறி தட்டியது. அம்மா பயந்துவிடக் கூடாதே என்று அறையை விட்டு வெளியே வந்தார். கண்ணில் பட்ட நர்சிடம், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் உடனே வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

வலி மருந்தின் மயக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று நர்சு நினைத்தாராம். செரீனா விடவில்லை.

டாக்டர் வந்தார். முதலில் காலில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு செரீனா கேட்டபடி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் சின்னச் சின்னதாகப் பல ரத்தக்கட்டிகள்! சில நிமிடங்களில் மருந்து ஏறத் தொடங்கியது.

கண்டம் அதோடு விடவில்லை. இருமி இருமி சிசேரியன் தையல் பிரிந்தது. மறுபடி ஆபரேஷன். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்கட்டு. கால் பக்கத்தில் இருந்து இன்னும் கட்டிகள் மேலே வராமல் தடுக்க, பெரிய ரத்தக்குழாயில் வடிகட்டி வைத்தார்கள்.

குழந்தை பிறந்த முதல் 6 வாரமும் படுக்கையில்தான் கழிந்தது. அடுத்த ஆண்டு, 2018-ல், விம்பிள்டன் இறுதிப் போட்டிக்கும் அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டிக்கும் வந்து நின்றார்!

பணமும் புகழும் இருந்தும் அவர் வாய் திறந்து வற்புறுத்திக் கேட்க வேண்டியிருந்தது. நம் உடம்பில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிவது நமக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த ஜனாதிபதி

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரிச்சர்டு நிக்சனுக்கும் இதே கண்டம்.

1974 ஜூன் மாதம் அவர் மத்திய கிழக்கு நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தபோதே இடது கால் வீங்கி இருந்தது. டாக்டர்கள் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

ஆகஸ்டு 9-ந் தேதி பதவி விலகினார். செப்டம்பரில் கால் மறுபடி வீங்கியது. முதலில் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். கடைசியில் சேர்ந்தபோது, நுரையீரலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அடுத்த மாதம், கட்டி மேலே ஏறாமல் தடுக்க நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்குப் போராடினார்.

பிழைத்தார். அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் வாழ்ந்து 1994-ல் காலமானார்.

திரும்பி வராத நிருபர்

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

டேவிட் புளூம் என்பவர் அமெரிக்க டெலிவிஷன் நிருபர். 2003-ம் ஆண்டு ஈராக் போரை நேரடியாகக் காட்டுவதற்காக ராணுவத்தோடு போனார். நாள் கணக்கில் கவச வண்டிக்குள் காலை மடக்கி உட்கார்ந்தபடியே பயணம். தூக்கமும் அதிலேயே.

ஏப்ரல் 6-ந் தேதி சுருண்டு விழுந்து இறந்தார். அவர் மீது குண்டு எதுவும் பாயவில்லை. காலில் இருந்து கிளம்பிய ரத்தக்கட்டி கொன்றுவிட்டது. வயது 39.

இதற்கு முன்பும் ஒரு போர் இதைக் காட்டிக் கொடுத்து இருக்கிறது. 1940-ல் லண்டன் மாநகரம் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. மக்கள் பதுங்கு இடங்களில் இரவு முழுவதும் துணி சாய்வு நாற்காலியில் தூங்கினார்கள். நாற்காலியின் முன் கட்டை தொடைக்கு அடியில் அழுத்தியது.

காலையில் எழுந்து நடந்தவர்களில் சிலர் திடீரென்று செத்து விழுந்தார்கள். பிரேதங்களைச் சோதித்த டாக்டர் கீத் சிம்சன், காரணம் நுரையீரல் ரத்தக்கட்டி என்று அந்த ஆண்டே எழுதினார். உட்கார்ந்து தூங்க வைக்காதீர்கள், படுக்க இடம் கொடுங்கள் என்பதுதான் அதில் இருந்து கிடைத்த பாடம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

"தினமும் ஒரு மணி நேரம் பஸ்சுல உட்கார்ந்து வர்றேன். எனக்கும் வருமா?" என்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான ஒருவருக்கு அந்தப் பயணத்தால் வரும் ஆபத்து மிக மிகக் குறைவு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணத்தில்தான் கவனம் வேண்டும்.

உண்மையில் உஷாராக இருக்க வேண்டியவர்கள் இவர்கள்:

இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள். புற்றுநோய்க்கு சிகிச்சை பெறுகிறவர்கள். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாதவர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். உடல் மிகவும் பருத்தவர்கள். ஏற்கனவே ஒரு தடவை கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் வந்தவர்கள்.

2020, 2021-ல் கொரோனா கடுமையாகத் தாக்கி ஆஸ்பத்திரியில் படுத்தவர்களில் பலருக்கும் இந்தக் கட்டி வந்தது.

பிரசவித்த பெண்ணை அசையவிடாமல் படுக்க வைப்பது நல்லது என்று நினைக்கும் வீடுகள் உண்டு. டாக்டர் அனுமதித்த உடனே எழுந்து நாலு எட்டு நடக்கவிடுவதுதான் நல்லது.

அறிகுறி என்ன?

காலில்: பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்கால் கனக்கும், வலிக்கும், சூடாக இருக்கும். சந்தேகம் வந்தால் தையல்காரர் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அளவில் வித்தியாசம் இல்லை என்பதற்காக வலியை அலட்சியம் செய்யவும் கூடாது.

"சுளுக்கா இருக்கும்" என்று எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடாதீர்கள். கட்டி இருந்தால் அது கழன்று கிளம்பக்கூடும்.

நெஞ்சில்: காரணம் இல்லாமல் திடீரென்று மூச்சு வாங்குவது. ஆழமாக மூச்சு இழுத்தால் குத்துவது. நாடி வேகமாக ஓடுவது. இருமலில் ரத்தம். தலை சுற்றி மயங்கி விழுவது. இதில் எது வந்தாலும் 108-க்குப் போன் செய்ய வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

காலில் எந்த வீக்கமும் இல்லாமலே நுரையீரலில் கட்டி வருவதும் உண்டு. செரீனாவின் காலில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

நெஞ்சு எக்ஸ்ரேயும் பல பேருக்கு நன்றாகவே இருக்கும். "எக்ஸ்ரே நார்மல்" என்று நிம்மதியாகிவிட முடியாது. டி-டைமர் என்ற ரத்தச் சோதனையும், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனும்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

எலி மருந்து உயிர் காத்த அதிசயம்

இந்த நோய்க்கு மருந்து வந்த கதை ஒரு துப்பறியும் கதை.

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு வெட்டினால் போதும், ரத்தம் நிற்காது. கெட்டுப்போன ஒரு வகைத் தீவனப் புல்லைத் தின்றதுதான் காரணம் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் இருக்கும் விஷம் எது?

1933 பிப்ரவரி. கடும் பனிப்புயல். விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் செத்த மாட்டையும், உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும், தீவனப் புல்லையும் லாரியில் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டி வந்து, மேடிசன் நகரத்தில் விஞ்ஞானி கார்ல் பால் லிங்க் முன்னால் இறக்கினார்.

லிங்க்கும் அவரது உதவியாளர்களும் சுமார் 6 ஆண்டுகள் பாடுபட்டு அந்தப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதில் இருந்து பிறந்தது வார்பரின். 1948-ல் அது விற்பனைக்கு வந்தது எலி பாஷாணமாக!

1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் அந்த எலி மருந்தைத் தின்று தற்கொலைக்கு முயன்றார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். "அளவோடு கொடுத்தால் மனிதனுக்கும் மருந்தாகும்" என்ற துணிச்சல் டாக்டர்களுக்கு வந்தது. 1954-ல் அனுமதி. 1955-ல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கே வார்பரின் கொடுத்தார்கள்.

இந்த வகை மருந்துகள் உயிரைக் காக்கின்றன என்பதற்கு 1960-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. நுரையீரலில் கட்டி வந்த 35 பேர். மருந்து கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் கட்டியால் இறந்தார்கள். இன்னும் 5 பேருக்குக் கட்டி மறுபடி வந்தது. மருந்து கொடுத்த 16 பேரில் கட்டியால் ஒருவர்கூட இறக்கவில்லை. அதற்கு மேல் யாருக்கும் மருந்து தராமல் விடுவது பாவம் என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

இன்று ஆஸ்பத்திரியில் முதலில் ஹெப்பாரின் ஊசி. பிறகு மாத்திரை. அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகளும் இருக்கின்றன. ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களுக்குக் கட்டியையே கரைக்கும் மருந்தை ஏற்றுகிறார்கள். மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுப்பதும் உண்டு.

வீடு திரும்பிய பிறகு...

"பிழைச்சிட்டோம், அப்பாடா!" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் அடுத்த சோதனை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாக இருப்பார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "நல்லாத்தானே இருக்கே, இன்னும் என்ன படுக்கை?" என்று வீட்டில் உள்ளவர்களே கேட்பார்கள்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரை கட்டியைக் கரைப்பது இல்லை. கட்டி வளராமலும் புதிதாக வராமலும் காவல் காக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே மெல்ல மெல்லச் செய்கிறது. அதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம்.

அதனால் மாத்திரை குறைந்தது 3 மாதம். சிலருக்கு 6 மாதம். காரணமே தெரியாமல் கட்டி வந்தவர்கள், மறுபடி வந்தவர்கள் ஆகியோருக்கு வாழ்நாள் முழுவதும்கூடத் தேவைப்படும். புதிய வகை மாத்திரையின் வேலை ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும். "மாத்திரை தீர்ந்து போச்சு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது.

வார்பரின் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் வைட்டமின் கே அதிகம். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியது இல்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் கணக்கு கெடும். கர்ப்பம் தரித்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக மாத்திரையை மாற்றி ஹெப்பாரின் ஊசி போடுவார்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை வேண்டாம். அது ரத்தக் கசிவை அதிகமாக்கும். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடக்கலாமா? நடக்கத்தான் வேண்டும்! டாக்டர் சரி என்றதும் முதலில் வீட்டு வாசல் வரை, பிறகு தெருக்கோடி வரை, அப்புறம் கடைத்தெரு வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மனசிலும் ஒரு கட்டி

மீண்டவர்கள் பலரும் சொல்லும் இன்னொரு தொல்லை பயம். நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றால் போதும், "மறுபடி வந்துடுச்சோ?" என்று இரவெல்லாம் தூக்கம் வராது. இது கோழைத்தனம் அல்ல. சாவை அருகில் பார்த்தவர்களுக்கு வருகிற சகஜமான உணர்ச்சி. வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்யாமல் பக்கத்தில் இருந்து பேசினாலே பாதி குறையும். குறையவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

எல்லோரும் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போவதும் உண்டு. அமெரிக்க கூடைப்பந்து வீரர் கிறிஸ் போஷுக்கு 2015-ல் நுரையீரலில் கட்டி வந்தது. குணமாகித் திரும்பினார். 2016-ல் மறுபடி ரத்தக்கட்டி. மருந்து சாப்பிட்டுக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம் ஆட முடியாது என்பதால் ஆட்டமே முடிந்தது. உயிர் இருக்கிறது. 2021-ல் கூடைப்பந்து மேதைகளின் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

3 மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்கினால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் குழாயில் அழுத்தம் ஏறிவிடும். எக்கோ சோதனையில் தெரியும். அதற்கும் மருந்து இருக்கிறது, ஆபரேஷனும் இருக்கிறது.

இன்றைக்கே செய்யலாம்

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், மேஜையை விட்டு எழாத குமாஸ்தா, இரவு பஸ்சில் ஊருக்குப் போகிறவர் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். எழ முடியாத இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பாதத்தைச் சுழற்றுங்கள். தண்ணீர் குடியுங்கள். காலுக்கு அடியில் மூட்டை, பெட்டியை அடைத்து வைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே, "ரத்தம் உறையாம இருக்க ஊசி போடுவீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு கட்டி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

திடீரென்று மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினால், "நுரையீரல்ல ரத்தக்கட்டியா இருக்குமா?" என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள். எந்த டாக்டரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.